அடுக்கு மல்லி அண்ணாச்சி

வீடு பார்க்கப் போன அன்றைக்கே அவர் என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மாடி காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போயிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. என் கணவர் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் அதற்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "டீச்சர், மாடியில காலம்பற வெயில் நல்லாப் படும். இத வச்சுப் பாருங்க" என்றார். பால் கவரில் ஈரமண் அடைத்து, அதில் ஒரு நந்தியாவட்டைக் குச்சி. இரண்டே இலை.

"இன்னும் நாங்க முடிவு பண்ணலையே" என்றார் என் கணவர்.

"வீடு பிடிக்கலன்னாலும் கொண்டு போங்க. செடிக்கு எங்கன இருந்தா என்ன?"

அந்த வீட்டில் மூன்று வருஷம் இருந்தோம். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அவர் என்னை முதலில் டீச்சர் என்றும் பிறகு வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல 'ஏளா' என்றும் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள். துறைமுகத்தில் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கிற இழுவைப் படகு ஒன்றில் என்ஜின் பார்ப்பவர். நகத்துக்குள் கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஒரு நிறமாக ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போதுகூட அது போகாது.

அவரிடம் பூச்செடி, கறிவேப்பிலை, மாதுளை எல்லாம் சேர்த்து நாற்பது மூடு செடி இருக்கும். ஒரு பருவத்தில் காய்த்து முடிகிற கத்திரி, வெண்டையை அவர் வைப்பதே இல்லை. "நாலு மாசத்துல போயிரும். அதோட பழகி என்ன செய்ய?" என்பார். வருஷக்கணக்காக நிற்பதுதான் அவருக்குச் செடி. பாதியாக அறுத்த நீல டிரம்களிலும், உடைந்த வாளிகளிலும், மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளிலும் அவை நின்றன. மல்லி மட்டும் தரையில். அந்த ஒன்றுக்காக ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, உப்பேறிய மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்.

அங்கே மண்ணைவிடத் தண்ணீர்தான் பெரிய பாடு. போர்வெல்லில் வருவது உப்பு. ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலையின் ஓரம் கருகும். குழாயில் வரும் நல்ல தண்ணீர் சமையலுக்கே பத்தாது. அண்ணாச்சி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. ஸ்கேன் சென்டர், செல்போன் கடை, கோயில் ஆபீஸ் என்று மூன்று இடத்தில் ஏசிக் குழாயின் கீழ் கேன் வைத்திருந்தார். வேலை முடிந்து வரும்போது மொபெட்டில் வரிசையாகப் போய் அந்தக் கேன்களை எடுத்து வருவார். ஸ்கேன் சென்டரில் அவரை அடிக்கடி பார்த்த யாரோ, அவருக்கு ஏதோ பெரிய வியாதி என்று கோயிலில் ஜெபத்துக்குக்கூட எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் சிரித்துவிட்டு, எழுதிக் கொடுத்தவர் யாரென்று விசாரித்து, அவர் வீட்டுக்கு ஒரு செம்பருத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கொடுப்பது, அதுதான் அவர். கையில் குச்சி வாங்காமல் அந்த வாசலை யாரும் தாண்டிப் போனதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கணக்கெடுக்க வந்த கவர்மெண்ட் டீச்சர், தெரு முனையில் பஞ்சர் ஒட்டுபவர், எல்லோரிடமும் அவருடைய செடி ஏதாவது ஒன்று இருந்தது. கொடுத்ததோடு விடவும் மாட்டார். எங்கே பார்த்தாலும் சொந்தக்காரப் பிள்ளையை விசாரிப்பதுபோல விசாரிப்பார். "இலை பழுக்கா? புதுத் துளிர் வந்துட்டா? எந்தப் பக்கம் வச்சிருக்கிய?" பஞ்சர் கடைக்காரர் அவரைக் கண்டால் ஒளிந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

மற்ற செடிகளில் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். மல்லியை அப்படிக் கொடுக்கமாட்டார். அதற்கு ஆள் பார்ப்பார். கொடியில் தாழ்ந்த கொப்பு ஒன்றை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, பக்கத்தில் வைத்த தொட்டி மண்ணுக்குள் புதைத்து, மேலே செங்கல் துண்டு ஒன்றை வைத்துப் பதியன் போடுவார். இரண்டு மாதத்தில் அது வேர் விட்டபிறகுதான் தாய்ச்செடியிலிருந்து வெட்டுவார். அது சாதாரண மல்லி இல்லை, அடுக்கு மல்லி. மொட்டு பட்டாணி போலக் குட்டையாக இருக்கும். விரிந்தால் சின்ன ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக நிற்கும். சாயங்காலம் மாடிப்படியில் ஏறும்போதே மணம் வந்து முகத்தில் மோதும்.

இங்கிருந்து வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணி ஒன்றின் தண்டல், அதாவது அந்தத் தோணியின் தலைவர், இவருடைய கூட்டாளி. அவரிடம் ஒரு மூடு மல்லியைக் கொடுத்து அனுப்பினார். ஆறு மாதம் கழித்து, அங்கே ஒரு கடைவாசலில் அது பூத்திருக்கிறது என்று தண்டல் வந்து சொன்னார். அன்று அண்ணாச்சி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏளா, கேட்டியா? மாலியில நம்ம மல்லி பூத்திருக்காம்" என்றார். கப்பலில் மகன் வேலைக்குச் சேர்ந்த செய்தியைச் சொல்வதுபோல இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. இத்தனை பேருக்குப் பதியன் போட்டுக் கொடுக்கிறவர், தன் வீட்டில் இரண்டாவதாக ஒரு மல்லி வைத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று: அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், செடிப் பக்கமே வருவதில்லை. அடுப்படியிலிருந்து தோட்டத்துக்குத் திறக்கும் கதவு எப்போதும் தாழ் போட்டே இருக்கும். அவர் பூ வைத்தும் நான் பார்த்ததில்லை.

கார்த்திகை முடியும் சமயம் ஒரு விடுமுறை நாளில் அண்ணாச்சி மல்லியைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். நான் வெட்டிப் போட்டவற்றைப் பொறுக்கிக் குவித்தேன். பேச்சோடு பேச்சாக, "ஏன் அண்ணாச்சி, இங்கயே ரெண்டு மூணு வச்சா என்ன?" என்று கேட்டேன்.

அவர் கத்திரிக்கோலை நிறுத்தவில்லை.

"இது எம் மக கொண்டாந்தது. நர்சிங் படிக்கும்போது கூட்டுக்காரி வீட்டுலருந்து, பஸ்ஸுல மடியிலயே வச்சுக் கொண்டாந்தா. பிச்சி வேணும், மல்லி வேணும்னு ஒருநாளும் கேட்ட பிள்ள இல்ல. அன்னைக்கு என்னமோ ஆசப்பட்டு வாங்கியாந்துட்டா."

மகள் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"காய்ச்சல். நாலே நாளு." இரண்டு கொப்பை வெட்டிவிட்டுச் சொன்னார். "நம்ம வீட்டுலயே வச்சுப் பொத்திப் பாத்துக்கிடலாம்னுதான் ஒண்ண வளத்தோம். இந்த வீட்ட நம்பி இனி எதையும் வைக்க மாட்டேன். நாலு வீட்டுல இருக்கட்டும். எங்கனயாவது ஒண்ணு கெடக்கும்லா."

அதற்கு முன்பும் பின்பும் அவர் மகளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

என் கணவருக்கு மதுரைக்கு மாற்றலானபோது எனக்கும் ஒரு மூடு மல்லி கிடைத்தது. லாரியில் சாமான் ஏற்றி முடிந்தபிறகு அண்ணாச்சி அதை என் கையில் கொடுத்தார். "லாரியில வச்சிராத. கையில கொண்டு போ" என்றார். கொண்டுபோனேன். மதுரையில் மூன்றாவது மாடி, மேற்கு பார்த்த பால்கனி. அங்கே அது ஒரு சித்திரையில் பூக்கவும் செய்தது. பதினொரு பூ. போட்டோ எடுத்து அனுப்பினேன். மறு நிமிஷமே ஃபோன் வந்தது.

அடுத்த கோடையில் நான் பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம். கைக்குழந்தையோடு திரும்பி வந்து பால்கனிக் கதவைத் திறந்தபோது தொட்டியில் குச்சிகள் மட்டும் இருந்தன. ஒடித்துப் பார்த்தேன். சுள்ளியாக ஒடிந்தது. என் கணவர், "நான் மறந்தே போயிட்டேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்லி என்ன? ஊரிலிருந்து நானும் ஒருநாள்கூட அதை விசாரிக்கவில்லை.

அந்த வாரமே அண்ணாச்சி பேசினார். பிள்ளை யார் ஜாடை, பால் குடிக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மல்லி எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் அதுதான் வந்தது. அவர் மனசு நோகக்கூடாது என்று நினைத்தேன். ஒருமுறை சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. அவர் வருஷத்துக்கு நாலைந்து தடவை பேசுவார். ஒவ்வொரு தடவையும் கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கு என்பேன். சித்திரை வந்தால், "நேத்து முப்பது பூ" என்று கணக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்படியே ஏழு வருஷம் ஓடியது.

பிறகு அந்த மார்கழியில் மழை பெய்தது. தூத்துக்குடியில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிய மழை. டிவியில் தெருக்களைக் காட்டினார்கள். எது எந்தத் தெரு என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் ஃபோன் கிடைத்தது. அண்ணாச்சியும் அக்காவும் நாங்கள் இருந்த மாடியில் இருந்தார்கள். கீழே இடுப்பளவு தண்ணீர். உப்பும் சாக்கடையும் கலந்து ஒன்பது நாள் நின்றது.

தண்ணீர் வடிந்து மூன்று வாரம் கழித்து அவர் பேசினார். நாற்பது மூட்டில் மிஞ்சியவை ஐந்தோ ஆறோ. மல்லி வேரோடு அழுகிவிட்டது. மண்ணைக் கழுவி, அடித்தண்டு வரைக்கும் வெட்டி வெட்டிப் பார்த்திருக்கிறார். எங்கேயும் பச்சை இல்லை.

"அதனால என்ன? வெளிய குடுத்தது இருக்குல்லா" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

மொபெட் தண்ணீரில் போயிருந்தது. மல்லி கொடுத்த இடத்துக்கெல்லாம் நடந்தே தேடிப் போயிருக்கிறார். பஞ்சர் கடைக்காரர் வீட்டு வாசலில் சாக்கடை கட்டியபோது செடியை எடுத்துப் போட்டுவிட்டார்களாம். செல்போன் கடைக்காரர் வீட்டு முற்றத்தில் மல்லி நின்ற இடத்தில் கல் பாவியிருந்தார்கள். ஸ்கேன் சென்டர் பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தாள். அவள் அம்மா, "அது எப்பவோ பட்டுப்போச்சே" என்றாராம். தண்டல் தோணிக்குப் போவதை நிறுத்தி நாலு வருஷம். மாலியில் அந்தக் கடையே இல்லை. போன இடத்திலெல்லாம் இல்லை. எல்லோரும் கடைசியாக அவர் விசாரித்தபோதுகூட நல்லா இருக்கு என்று சொன்னவர்கள்.

"உங்கிட்ட இருக்குல்லா, ஏளா. போதும் எனக்கு. ஒரு கொப்பு வளச்சுப் பதியன் போட்டு வையி. மாசி கழியட்டும், நான் வந்து எடுத்துக்கிடுதேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நீங்க அலைய வேண்டாம் அண்ணாச்சி. நானே கொண்டுவாரேன்" என்றேன்.

மதுரையில் நாலு நர்சரி ஏறி இறங்கினேன். ஒரு கடையில், "அடுக்கு மல்லிதாம்மா, கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார்கள். அதைக் கடைப் பையிலிருந்து எடுத்துப் பழைய தொட்டியில் மாற்றினேன். தொட்டியின் மேலே காய்ந்த இலையைத் தூவினேன். செய்யும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் செய்தேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி இளைத்திருந்தார். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்புயரத்துக்கு ஓடியது. தொட்டியை வாங்கி வெளிச்சத்தில் வைத்து, ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்டது. அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு அக்கா தோட்டத்துக்கு வந்தார்.

வந்து தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஜெனி கொண்டாந்ததா இது?" என்று கேட்டார்.

அவர்கள் மகளின் பெயரை அந்த வீட்டில் நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"அங்கன நின்ன வரைக்கும் நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன், டீச்சர். பாத்தா அவ பஸ்ஸ விட்டு எறங்கி வார மாதிரியே இருக்கும்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது போன பொறவுதான், ஒருநாளாவது தண்ணி ஊத்திருக்கலாமேன்னு கெடந்து தவிச்சேன்."

அவரே எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

சித்திரை முழுக்க அண்ணாச்சியிடமிருந்து ஃபோன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பள்ளி விடுமுறை விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தில் மல்லி பழைய குழியிலேயே நின்றது, புதுச் செம்மண்ணில், தழைத்துப் பூத்து. ஊசி ஊசியாக நீண்ட மொட்டு. விரிந்தால் ஒற்றை வரிசை இதழ். அடுக்கு இல்லை.

அக்கா உள்ளே என் மகளை மடியில் இருத்திப் பூக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கேன்கள் இருந்த மூலைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா, உள்ளதச் சொல்லு. எப்பம் பட்டுப்போச்சு?"

"பிள்ள பிறந்த வருஷம்."

என் மகளின் வயதை மனசுக்குள் எண்ணினார் போல. "ஏழு வருசம்" என்றார். பிறகு, "இலையப் பாத்த அன்னைக்கே எனக்குச் சந்தேகந்தான். பூக்கட்டும்னு இருந்தேன்."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உங்க மனசு கஷ்டப்படும்னுதான்..."

"நான் ஒன்ன ஏசல." கேனின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினார். "பட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, மறு பஸ்ஸுலயே இன்னொரு மூடு கொண்டாந்து தந்திருப்பேனே. அப்பம் தாய்ச்செடி நல்லா நின்னுதே. அது இப்பம் உங்கிட்ட இருந்திருக்குமே. அந்தப் பஞ்சர் கடக்காரன் சொல்லிருந்தாலும் குடுத்திருப்பேன். எல்லாரும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னே சொன்னிய. நானும் ஊரெல்லாம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கினேன்."

நான் கணக்கு டீச்சர். ஏழு வருஷத்தில் அவர் என்னிடம் முப்பது தடவைக்குக் குறையாமல் கேட்டிருப்பார். முப்பது தடவையில் ஏதாவது ஒரு தடவை நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் மகள் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கும். அங்கே நின்றுகொண்டு அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"அக்காவுக்கு?"

"அவட்ட சொல்லிராத. நான் வேற காரணம் சொல்லி வச்சிருக்கேன்."

அப்போது அக்கா கட்டின பூவோடு வெளியே வந்தார். என் மகள் தலையிலும் பூ இருந்தது. அக்கா தலையிலும் இருந்தது. என் தலையில் வைத்துவிட்டபடியே சொன்னார். "இந்த வருசம் பூவு எளச்சுப் போச்சு பாத்தியளா, டீச்சர்? மதுரத் தண்ணி குடிச்சு வளந்ததுக்கு இங்கனத்த உப்பு உடனே ஒத்துக்கிடாதாம். அடுத்த வருசம் பழையபடி அடுக்கா வந்துரும்னு இவிய சொல்லுதாவ."

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, டீச்சருக்கு இதுல ஒரு கொப்பு பதியன் போட்டுக் குடுங்க. இங்கன இன்னொரு வெள்ளம் வந்தா என்ன செய்ய?"

"இப்பம் எடுத்தாப் பிடிக்காது" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. வேறு யாருக்கும் செடி கொடுப்பதாகவும் தெரியவில்லை. சிலிண்டர்காரர்கூட ஒருநாள் அக்காவிடம், "அண்ணாச்சிக்கு எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டாராம்.

இப்போது அக்காதான் ஃபோன் பண்ணுகிறார். வாரம் தவறாமல். இன்றைக்கு எத்தனை பூ, எந்தக் கொப்பில் துளிர் வந்திருக்கிறது, எல்லாம் சொல்வார். சில நாள் ஜெனி சின்ன வயசில் செய்த சேட்டைகளையும் சொல்லிச் சிரிக்கிறார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒவ்வொரு தடவையும், "அண்ணாச்சி இருக்காங்களாக்கா?" என்று கேட்பேன்.

"இங்கனதான், மல்லிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காவ. குடுக்கேன், இருங்க."

தோட்டத்துக்கு நடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்கும். கேனிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அக்கா ஏதோ சொல்வது கேட்கும். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நிற்காது.

"பொறவு பேசுதாவளாம், டீச்சர்" என்பார் அக்கா.